சுவருக்கு அந்தப் பக்கம் நாலடி

போன செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் திடுக்கிட்டு எழுகிறேன். பி.பி. பார்த்தாயிற்று, நார்மல். காரணம் டாக்டருக்குத் தெரியாது... எனக்குத் தெரியும்.

கோயமுத்தூர் கணபதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, இரும்பு கடையும் சின்ன லேத் மிஷின் ஒன்று வைத்திருக்கிறேன். பத்திரிகைக்கு எழுதாத நேரத்தில் கேட் கீல், மோட்டார் புஷ் என்று எதையாவது கடைந்துகொண்டிருப்பேன். கோயமுத்தூர்க்காரனுக்கு இது ஒரு வியாதி.

பிரச்சினை லேத் இல்லை, இரும்பு. கம்பி முழு நீளம் இருபதடி. என் ஷெட்டோ பதினாறடி. உக்கடத்தில் நான் வாங்கும் கடையின் பாய், பாதியாக வெட்டித் தரட்டுமா என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். நான் விட்டால்தானே? துண்டு போட்டால் வீணாகும், முழுசாக இருந்தால் வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று பெரிய இன்ஜினீயர் மாதிரி பேசுவேன்.

சரி, மிச்சம் நாலடியை எங்கே வைப்பது? சுவரில் தலை உயரத்துக்கு ஓட்டை போட்டேன். பதினாறடி என் ஷெட்டுக்குள் ஸ்டாண்டின் மேல் படுத்திருக்கும். நாலடி பின்வீட்டுச் சந்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். பின்வீடு அப்போது பூட்டிக் கிடந்தது. ஓனரிடம் போனில் கேட்டேன், தாராளமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகென்ன? ஐந்து கம்பிகள், ஜம்மென்று.

செவ்வாய் மதியம் அதில் ஒரு இன்ச் கனமுள்ள கம்பி தேவைப்பட்டது. கம்பி வெளியே வர எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து வைத்துவிட்டு இழுத்தேன். இரண்டடி வந்து நின்றுவிட்டது. துருவாக இருக்கும் என்று ஆயில் விட்டேன். அசையவில்லை. பைப் ரெஞ்சைப் போட்டுப் பிடித்து, காலைச் சுவரில் ஊன்றி இழுத்தேன். கொஞ்சம் வந்தது. மறுபடி இழுத்தேன், இன்னும் கொஞ்சம் வந்தது. எனக்கு வெறி. இந்த வயதில் ஒரு இரும்புத் துண்டிடம் தோற்பதா? மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழு—

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டது.

ரெஞ்சைப் போட்டுவிட்டு ஓடினேன். காலில் செருப்பில்லை. தெருவைச் சுற்றிப் பின்வீட்டுச் சந்துக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றேன். என் கம்பியில் சேலைத் தொட்டில்! முடிச்சு சுவரோடு நசுங்கிக் கிடக்கிறது. அதுதான் அத்தனை நேரம் என்னைத் தடுத்தது. முடிச்சுக்கு அப்பால் மிச்சமிருந்த கம்பி நாலு விரல். நாலே விரல்! கீழே சிமெண்ட் தரை, துணி துவைக்கும் கல்.

குழந்தையை எப்படி அள்ளினேன் என்று எனக்கு நினைவில்லை. ஈரக்கையோடு ஒரு பெண் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். இருபத்து நாலு வயதிருக்கும். சோமனூரிலிருந்து இரண்டு மாதத்துக்கு முன் குடிவந்தவர்களாம். இரண்டு மாதம்! அந்த வீட்டுக்கு ஆள் வந்ததே எனக்குத் தெரியாது.

நடந்ததைத் திக்கித் திணறிச் சொன்னேன். அறையப் போகிறாள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன். அவள் குழந்தையை என்னிடமிருந்து வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டு சொன்னாள்:

"தப்பா நெனைக்காதீங்க. உங்க கம்பியில கேக்காம கட்டிப்போட்டனுங்க."

அட கடவுளே! அவள் வீட்டுக்குள் நீட்டியது என் இரும்பு. கொல்லப் பார்த்தது நான். மன்னிப்புக் கேட்பது அவளா? நான் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வேறு இடமே கிடைக்கவில்லையா அம்மணி என்று கேட்டேன். அவள் சொன்ன பதில் இன்னும் மோசம். குழந்தை பிறந்தது முதல் விசைத்தறிச் சத்தத்திலேயே வளர்ந்ததாம். இங்கே வந்தபின் அமைதியில் தூங்கவே இல்லையாம்.

"உங்க மிஷினு ஓடறப்ப இந்தக் கம்பி லேசா அதிருமுங்க. அதுல போட்டா ஒடனே தூங்கிருவாளுங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னால், அவளுக்குக் குழந்தையின் பேர் முதற்கொண்டு தெரிந்திருக்கிறது. இரண்டு முறை குளிப்பாட்டியே விட்டிருக்கிறாள். தொட்டில் கட்டியது மட்டும் தெரியாது. எனக்கோ... அந்த ஐந்து கம்பிகளின் கனம், ரகம் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதில் ஒன்றின் மறுமுனையில் ஒரு உயிர் தொங்கியது தெரியாது.

நம் பொருள் நம் சுவரோடு முடிந்துவிடுகிறது என்றுதானே எல்லோரும் நினைக்கிறோம்? வழிகிற டேங்க், சொட்டுகிற ஏ.சி., நீட்டிக்கொண்டிருக்கும் தகரம்... அந்தப் பக்கம் யார் தலைக்கு மேல் இருக்கிறது என்று ஒருநாளாவது சுற்றிப் போய்ப் பார்த்திருக்கிறோமா?

மறுநாளே எல்லாக் கம்பிகளையும் பத்தடியாக வெட்டினேன். ஓட்டையைப் பூசினேன். அவர்கள் வீட்டு அறையில், ஷெட்டைப் பார்த்த பக்கமாக, கூரையில் நல்ல கொக்கி ஒன்று மாட்டிக் கொடுத்தேன். நானே தொங்கிப் பார்த்த கொக்கி. பாப்பாவின் அம்மாவுக்குச் சந்தோஷம். குழந்தைக்கு மட்டும் என் லேத் சத்தம் கேட்டாக வேண்டும்.

அதனால் தினமும் மதியம் லேத் ஓடுகிறது. கடைய ஒரு ஜாப்பும் இல்லை. ஆனால் பாப்பா எழுந்திருக்கும்வரை ஸ்விட்சில் கை வைக்க எனக்குத் தைரியம் இல்லை.