பன்றிப் படையணி

எங்கள் இரஞ்சிதத்தின் வலது தோளில், காறை எலும்புக்குக் கீழே, ஒரு கட்டி இருக்கிறது. கறுத்துக் காய்த்துப்போன கட்டி. தொட்டால் கல்லுப் போல இருக்கும். அவள் யார், எப்படிப்பட்டவள் என்று இந்த நாடு முடிவு செய்தது அந்தக் கட்டியைப் பார்த்துத்தான். நான் அவளுக்கு மச்சாள், செத்துப்போன அவளின் புருசனுக்கு அக்கா. பெயர் விமலேஸ்வரி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று வட்டக்கச்சியில் எல்லாருக்கும் தெரியும். அவள் இதையெல்லாம் சொல்லித் திரிகிற ஆள் இல்லை. அதனால் நான் சொல்கிறேன்.

என் தம்பியைப் பாம்பு கடித்தபோது அவளுக்குக் கையில் ஒரு பெண் குழந்தை, நிசாந்தினி. பிறகு அவளுக்கு மிச்சமாக இருந்தது வாய்க்கால் கரையில் இரண்டு ஏக்கர் வயல். குடியேற்றத் திட்டம் வந்த காலத்தில் எங்கள் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி எடுத்த காணி அது. வெங்காயமும் புகையிலையும் செய்த சனம் நாங்கள். நெல்லுக்கும் பழகிவிட்டோம். பன்றிக்கு மட்டும் இன்றுவரைக்கும் பழகவில்லை. கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து வரும். தின்பது கொஞ்சம், உழக்கிவிட்டுப் போவது முழுக்க.

பக்கத்து வயல் அப்புத்துரையுடையது. பெரிய கமக்காரர். கோயில் திருவிழாவில் முன்வரிசையில் நிற்கிறவர். அவரிடம் ஒரு இடியன் துவக்கு இருந்தது. வாய்ப்பக்கத்தால் மருந்தைக் கொட்டி, தேங்காய்த்தும்பை வைத்து, ஈயக்குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து இடித்து அடைக்கிற துவக்கு. யாரோ ஒரு கொல்லன் செய்தது. அனுமதி ஒன்றும் கிடையாது, வைக்கோல் போருக்குள்தான் அதற்கு வீடு. அடிக்கட்டை வெடித்துப்போனதால் கொல்லன் அதைச் சுற்றி ஓர் இரும்புப் பட்டி அடித்துவிட்டிருந்தான். அந்தப் பட்டியின் விளிம்பு சுடுகிறவரின் தோளைப் பார்த்தபடி இருக்கும். வெடி வைத்தால் குண்டு முன்னுக்குப் போகும், பட்டி பின்னுக்கு வரும். பன்றிக்கு நொந்ததோ இல்லையோ, சுட்டவருக்கு நோகும்.

அப்புத்துரை அதால் ஒரே ஒரு தடவைதான் சுட்டார். வரம்பில் மல்லாக்க விழுந்தார். ஒரு கிழமை சேட்டுப் போடாமல் திரிந்தார். பிறகு துவக்கைக் கொண்டுவந்து இரஞ்சிதத்தின் முற்றத்தில் வைத்துவிட்டு, "பிள்ளை, நீ துணிஞ்சவள். உன்ர வயலையும் என்ர வயலையும் சேர்த்துப் பார்த்துக்கொள்" என்றார். நோகிற வேலையை அடுத்தவரின் தோளில் ஏற்றுவதில் அவர் அப்போதே கெட்டிக்காரர்.

அவளும் பிடித்தாள். முதல் வெடியில் காறை எலும்பில் கீறல் விழுந்து, நாட்டு வைத்தியரிடம் பத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகுதான் அதன் குணம் அவளுக்குப் பிடிபட்டது. துவக்கைத் தோளோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கவேண்டும். உதைக்குப் பயந்து கொஞ்சம் இளக்கிப் பிடித்தால், அந்த இடைவெளியில் ஓடிவந்து இடிக்கும். பயந்தவருக்குத்தான் கூடுதலாக நோகும். இறுக்கிப் பிடித்தாலும் பட்டி சும்மா விடாது. சாக்கை மடித்து வைத்துப் பார்த்தாள், பழைய சீலையைச் சுற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு போகத்துக்கும் அதே இடத்தில் கன்றி, ஆறி, திரும்பக் கன்றி, கடைசியில் அது கட்டியாகவே நின்றுவிட்டது, அந்தக் கையின் பலத்தையும் கொஞ்சம் கொண்டுபோனது. அப்புத்துரையின் பத்து ஏக்கரும் அந்தக் கட்டியில்தான் விளைந்தது என்று நான் அவருக்கு முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். பன்றி விழுந்தால் ஒரு தொடையை அவளுக்குக் கொடுத்தனுப்புவார். பெரிய மனசு.

பிறகு சண்டை முடிந்தது. நான் அதற்கு முன்பே வருத்தக்காரரான என் புருசனை ஆஸ்பத்திரிக்கென்று கொண்டு வவுனியாவுக்குப் போய்விட்டிருந்தேன். இவர்கள் கடைசிவரைக்கும் உள்ளே நின்று, எல்லாச் சனத்தோடும் சேர்ந்து வெளியே வந்தார்கள். வந்த இடத்தில் சோதனை. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. தறப்பாள் மறைப்புக்குள் சீருடை போட்ட பெண்கள் நின்றார்கள். முழங்கையைப் பார்த்தார்கள், முழங்காலைப் பார்த்தார்கள், தோளைப் பார்த்தார்கள். துவக்கு உதைத்த தடம் இருந்தால் இயக்கத்து ஆள். அவ்வளவுதான் அவர்களின் கணக்கு.

இரஞ்சிதத்தின் சட்டையை விலக்கினதும் ஒருத்தி மற்றவளைக் கூப்பிட்டாள். தமிழ் தெரிந்த ஒருவனும் வந்தான்.

"இது என்ன காயம்?"

"பன்றிக்குச் சுட்டது, தம்பி. வயல்காவல்."

அவன் மொழிபெயர்க்க, அவர்கள் சிரித்தார்கள். ஒரு ஊர்ப் பெண்பிள்ளை பன்றி சுட்டாளாம். எங்கே துவக்கு, யாருடைய துவக்கு என்று கேட்டார்கள். அவள் ஒரு கையில் நிசாந்தினியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் ஆண்கள் வரிசையைக் காட்டினாள். அப்புத்துரை அங்கே நின்றார், தோளில் ஒரு பையோடு.

"அந்த அண்ணையைக் கேளுங்கோ. அவரின்ர துவக்குத்தான். அவர் சொல்லுவார்."

அவரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்தார். இந்தப் பெண்ணுக்குத் துவக்குக் கொடுத்தது நீயா, இவள் பன்றி சுடுகிறவளா என்று கேட்டான். அப்புத்துரை அவளைப் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்து, "எனக்குத் தெரியாது" என்றார்.

துவக்கு வைத்திருந்தேன் என்று அந்த இடத்தில் சொன்னால் அவரையும் கொண்டுபோயிருப்பார்கள் என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஓம், பயந்திருப்பார். எல்லாரும்தான் பயந்துபோய் நின்றார்கள். துவக்கைப் பற்றிச் சொல்லவேண்டாம். இவள் என் பக்கத்து வயல்காரி, புருசன் செத்தவள், கமம் செய்கிறவள் என்றாவது சொல்லியிருக்கலாம். அதற்கு என்ன அனுமதி வேண்டும்? நான் அந்த ஆளை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் எனக்கு இல்லை.

அவளைப் பிரித்து ஏற்றினார்கள். குழந்தை யார் யாரோ கைமாறி, நான் முகாமுக்குத் தேடிப்போனபோது என்னிடம் வந்துசேர்ந்தது. புனர்வாழ்வு என்று சொல்லி அவளை இரண்டு வருசம் வைத்திருந்தார்கள். தையல் பழக்கினார்கள். சண்டை பிடிக்காதவளுக்கு, இனிமேல் சண்டை பிடிக்கக்கூடாது என்று வகுப்பு எடுத்தார்கள். அவள் திரும்பி வந்தபோது நிசாந்தினி என் சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, இவா ஆர்?" என்று என்னிடம் கேட்டாள். இரஞ்சிதம் அன்றைக்கு அழவில்லை. முற்றத்தில் இருந்து கால் கழுவினாள். நான்தான் குசினிக்குள் போய் அழுதேன்.

பிறகு எல்லாரும் வட்டக்கச்சிக்குத் திரும்பினோம். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கார்த்திகை மாதம் பிறந்தால், மாவீரர் நாள் வருகிறதென்று, சிவில் உடையில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து, அவள் வீட்டில் இருக்கிறாளா என்று பார்ப்பார்கள். பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடம் எது என்று கேட்பார்கள். ஊர்ச்சனம் அவளை முன்னாள் போராளி என்றது. சிலர் அதை மரியாதையாகச் சொன்னார்கள், சிலர் கொடுக்கல் வாங்கலை நிறுத்திக்கொண்டார்கள். ஒருமுறை உண்மையாகவே போராளியாக இருந்த ஒரு பிள்ளை, ஒரு கால் இல்லாதவள், உதவித்திட்டம் ஒன்றுக்கு முன்னாள் போராளிகளின் பெயர் பதிய வந்தாள். "அக்கா, நீங்கள் எந்தப் படையணி?" என்று கேட்டாள். இரஞ்சிதம் யோசித்துவிட்டு, "பன்றிப் படையணி" என்றாள். அந்தப் பிள்ளை முதலில் முறைத்தாள். கதையைக் கேட்டபிறகு சிரித்து, பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனாள். அந்தத் திட்டத்தில் வந்த ஆடுகளை இரஞ்சிதம் வாங்கவில்லை. அது அந்தப் பிள்ளைகளின் காலுக்கும் கைக்கும் வந்த ஆடு என்றாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அப்புத்துரை பொலிசில் வந்து, அந்தக் கட்டி தன் துவக்கால் வந்தது என்று ஒருமுறை சொல்லவேண்டும். இடியன் எப்போதோ வைக்கோல் போரோடு எரிந்துவிட்டது, சொன்னால் இனி அவரை யாரும் ஒன்றும் செய்யப்போவதில்லை. வந்த முதல் மாதமே போய்க் கேட்டாள். "இப்ப ஏன் பிள்ளை பழசைக் கிளறுவான்? காலம் சரியில்லை" என்றார். வருசம் போகப் போக அவருக்குக் காலம் சரியாகிக்கொண்டே வந்தது. வீடு கட்டினார். கமக்காரர் அமைப்புக்குத் தலைவரானார். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் காலம் சரிவரவில்லை.

இப்போது பன்றி முந்தியைவிடக் கூட. சனம் இல்லாத வருசங்களில் வளர்ந்த காடு வாய்க்கால் வரைக்கும் வந்துவிட்டது. கடைசியில் கமக்காரருக்குத் துவக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று அறிவித்தார்கள். சட்டப்படி, அனுமதியோடு. அமைப்பின் தலைவர் சிபாரிசு செய்யவேண்டும், பொலிஸ் சரி சொல்லவேண்டும். இரஞ்சிதம் விண்ணப்பித்தாள். நான் வேண்டாம் என்றேன். "போன போகம் அரைவாசிதான் வீட்டுக்கு வந்தது, மச்சாள். இந்த முறையும் போனா நிசாந்தினியின்ர படிப்பை நிப்பாட்டவேணும்" என்றாள். பிள்ளை பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறாள். இப்போது அவளைத்தான் அம்மா என்கிறாள்.

அப்புத்துரையிடம் மூன்று பேருக்கு முன்னால் வைத்துக் கேட்டாள். "அண்ணை, பொலிசில ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ. அப்பதான் எனக்குத் தருவினம்."

"பாப்பம் பிள்ளை, பாப்பம்" என்றார்.

பொலிசில் அவளின் பெயரைப் பார்த்ததும், புனர்வாழ்வு பெற்றவருக்குத் துவக்கா என்று சிரித்து அனுப்பினார்கள். அதே கட்டி, இரண்டாம் முறை. எங்கள் பக்கத்துக்கு வந்த ஒரே துவக்கு அப்புத்துரைக்குக் கிடைத்தது. புத்தம் புதுசு, ஒற்றைக்குழல். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் சந்தியால் போனதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. எரிந்தது என்றே சொல்கிறேன்.

மார்கழிக் கடைசியில், கதிர் பால் பிடிக்கிற நேரம், ஒரு காலைப்பொழுது நான் இரஞ்சிதத்தின் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அப்புத்துரை வந்தார். பிளாஸ்டிக் கதிரையில் சரிந்து உட்கார்ந்து, சேட்டின் மேல்பொத்தான்களைக் கழற்றினார். வலது தோள் நீலமும் கறுப்புமாக வீங்கிக் கிடந்தது.

"உதை தாங்கேலாமக் கிடக்கு பிள்ளை. புதுத் துவக்கெண்டு பார்த்தா, அந்த இடியனை விட மோசமா இடிக்குது. ஒரு வெடிதான் வைச்சனான், கையைத் தூக்கேலாது. பன்றி நிண்ட இடத்திலயே நிக்குது."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நீ வந்து ரெண்டு வெடி வைச்சுத் தாவன். உன்ர வயலும்தானே போகுது. முந்தி மாதிரி. ஆருக்கும் தெரியவராது."

எனக்குத் துருவலையைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. இரஞ்சிதம் கையைத் துடைத்துக்கொண்டு அவருக்குக் கிட்டப் போனாள். குனிந்து அந்தத் தோளை வடிவாகப் பார்த்தாள்.

"இது என்ன காயம், அண்ணை?"

"சொன்னனான்தானே பிள்ளை. பன்றிக்குச் சுட்டது."

"பன்றிக்குச் சுட்டா இப்பிடி வருமோ?"

"வரும். உனக்குத் தெரியாதே?" என்று சொன்ன பிறகுதான், எங்கே வந்து நிற்கிறோம் என்று அவருக்கு விளங்கியது. முகம் ஒரு மாதிரிப் போனது.

"அதை ஒருக்காப் பொலிசில வந்து சொல்லுங்கோ" என்றாள் இரஞ்சிதம். "இப்பிடித்தான் இவளுக்கும் வந்தது, என்ர துவக்காலதான் வந்தது எண்டு சொல்லுங்கோ. இண்டைக்கே போவம், நானும் வாறன். வந்த கையோட உங்களுக்கு நோகாமச் சுடப் பழக்கிறன். அதில பெரிய வித்தை ஒண்டும் இல்லை."

அப்புத்துரை பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார்.

"தலைவராயிருக்கிற நேரம் கள்ளத்துவக்குக் கதையை எப்பிடிப் பிள்ளை சொல்லுறது? பொடியள் சிரிப்பாங்கள்" என்றார். எழும்பி நின்று, வாசல்வரைக்கும் போய்த் திரும்பினார். "அப்ப எப்பிடிப் பிடிக்கிறதெண்டாவது சொல்லு. உனக்குத் தெரியும்தானே."

இரஞ்சிதம் நிலத்தைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள்.

அவர் போன பிறகு நான் அவளிடம், சொல்லிக் கொடுத்திருந்தால் எங்கள் வயலும் தப்பியிருக்கும், பிள்ளையின் படிப்பு இருக்கிறது என்றேன். வாய் நீளம் என்றேனே. அவள் நான் துருவின தேங்காய்ப்பூவை எடுத்துப் பாலைப் பிழிந்தாள். வலது கையால் முடியாமல் இடது கைக்கு மாற்றிப் பிழிந்தாள்.

அன்றைக்குப் பொழுதுபடுகிற நேரம் நாங்கள் இருவரும் வயல்கரைக் கொட்டிலில் இருந்தோம். அப்புத்துரையின் பக்கத்தில் ஒரு வெடி கேட்டது. இரண்டாவது வெடிக்காக நான் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. அம்மா என்று ஓர் அனுங்கல்தான் கேட்டது.

"இன்னும் இளக்கித்தான் பிடிக்கிறார்" என்றாள் இரஞ்சிதம்.

அதற்குள் பன்றிகள் அவரின் வரம்பைத் தாண்டி எங்கள் வயலுக்குள் இறங்கிவிட்டன. நெல் முறிகிற சத்தம் கேட்டது. அவள் தகரத்தையும் தடியையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். வலது கை தோளுக்கு மேல் எழும்பாது, இடது கையால்தான் அடித்தாள்.