கொசுறாக வந்த கம்ப்யூட்டர் புத்தகம்

பரவைச் சந்தையில் காய் விற்கும் மலையாண்டி கூவினால், விளாங்குடியில் தூங்கும் குழந்தை எழுந்து உட்காரும். அந்தத் தொண்டையையே 1986-இல் ஒரு சனிக்கிழமை அடைக்கவைத்துவிட்டாள் மகள் ஜெயக்கொடி.

அவள் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. கற்றுக்கொள்ளப் பத்துப் பேருக்குத்தான் இடம். திங்கட்கிழமை ஒரு புரோகிராமைக் காகிதத்தில் எழுதி வருகிறவர்களுக்கே இடம் என்று சொல்லிவிட்டார் ஸ்யாமளா டீச்சர்.

"புரோகிராம்னா என்னாத்தா?"

"கம்ப்யூட்டர் என்ன செய்யணும்னு வரிசையா எழுதிக் குடுக்கிறதுப்பா. புத்தகம் பாத்தாத்தான் எழுத வரும்."

"அம்புட்டுத்தானே? மதுரையப் பெரட்டிப் போட்டுக் கொண்டாரேன்!"

மலையாண்டிக்குக் கத்தரிக்காய் பார்த்து வாங்கத் தெரியும், படிக்கத் தெரியாது. பழைய புத்தகக் கடை விருமாண்டி எடுத்துப்போட்ட கம்ப்யூட்டர் புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கனம் பார்த்தார். முதுகில் தட்டினார். மோந்தும் பார்த்தார்.

"அண்ணே, அது புத்தகம், பூசணிக்கா இல்ல" என்றார் விருமாண்டி.

"சின்னப்புள்ள படிக்கணும்ணே. சத்துள்ளதாப் பாக்குறேன்."

கடைசியில் சூளைச் செங்கல்லே பொறாமைப்படும் தடியன் ஒன்றைப் பிடித்தார். பேரம் முடிந்தும் நகரவில்லை.

"கொசுறு?"

"புத்தகத்துக்குக் கொசுறா? நான் என்ன கறிவேப்பிலையா விக்கிறேன்?"

"கொசுறு இல்லாமப் போனா பரவைக்குள்ளயே விடமாட்டாய்ங்கண்ணே!"

விருமாண்டி தலையில் அடித்துக்கொண்டு, கையில் அகப்பட்ட ஒல்லிப் புத்தகத்தைத் தடியன்மேல் போட்டார்.

வீட்டில் தடியனைத் திறந்த ஜெயக்கொடிக்கு அழுகை வந்துவிட்டது. "இது இஞ்சினியருக படிக்கிறதுப்பா. ஒரு வரி புரியல."

மலையாண்டி இடிந்து உட்கார்ந்தார்; ஊரை எழுப்பும் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. "சொத்தைச் சரக்கா தூக்கியாந்துட்டேன்?"

அவள் மூக்கை உறிஞ்சியபடி ஒல்லியைப் புரட்டினாள். முதல் பக்கப் படத்தில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. அடுத்த பக்கத்தில் இரண்டே வரியில் ஒரு புரோகிராம்.

"அப்பா! இதுதான்ப்பா! மொதல்லருந்து சொல்லித் தருது!"

ஞாயிறு முழுக்க அவள் புத்தகத்தை விட்டு எழவில்லை. வீட்டுக்குள் தும்மியவர்களை எல்லாம் மலையாண்டி தெருவுக்கு அனுப்பினார்.

திங்களன்று இடம் கிடைத்தது. மாலையில் மகளைக் கூப்பிட வந்தவரை டீச்சர் உள்ளே அழைத்து, ஜெயக்கொடி எழுதியதை ஓடவிட்டார். திரை முழுக்க ஒரே சொல் மேலே மேலே ஓடியது, நிற்கவே இல்லை.

"என்னாத்தா ஓடுது?"

"உங்க பேருப்பா!"

"நிறுத்திரட்டுமா?" என்றார் டீச்சர்.

"நிறுத்திராதீக டீச்சர்! கொசுறுக்கே இந்த ஓட்டமா!"

தொண்டை திறந்துகொண்டது. அவர் கூவிய கூவலில், மணி அடித்துவிட்டது என்று நினைத்து மாலை வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.