நிஜமாகவே பார்த்த சாட்சி

என் அண்ணனைக் கொன்றதை நேரில் பார்த்ததாகச் சொல்ல முன்வந்த ஒரே ஆள், எங்கள் கல்மண்டபம் ஏரியாவில் யாருமே நம்பாத ஆள். எங்கள் தலையெழுத்து அப்படி.

போலீசுக்குத் தகவல் சொல்லிப் பிழைத்தவர் அவர். ஏதோ திருட்டுக் கேஸில் மாட்டி, தப்பிக்க நாலு பேரைப் போட்டுக் கொடுத்து, பிறகு அதுவே அவர் தொழிலாகிவிட்டது. ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில்தான் பகலெல்லாம் கிடப்பார். யாரிடமாவது கத்தியோ கஞ்சாவோ பிடித்ததாக போலீஸ் மகஜர் எழுதினால், "என் முன்னிலையில்தான் எடுத்தார்கள்" என்று கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டுமே. கான்ஸ்டபிள் வாசலில் நின்று கைதட்டுவார். இவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார். எதை, எங்கே எடுத்தார்கள் என்றுகூடக் கேட்கமாட்டார். பிறகு கோர்ட்டில் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பிப்பார். எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டுப் பிள்ளைகள் அவர் வாயால் உள்ளே போனார்கள். அவரைக் கண்டால் நான் காறித் துப்பிவிட்டுத்தான் நகர்வேன். எனக்கு வாயும் அதிகம், கோபமும் அதிகம்.

அண்ணன் மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் வண்டி ஓட்டினான். தொண்ணூறுகளின் கடைசி அது. விடியற்காலையில் படகுகளுக்கு ஐஸ் இறக்க வண்டிகள் வரிசையில் நிற்கும். வரிசையை மீறி முன்னால் நுழைந்த ஒருத்தனை அண்ணன் தட்டிக் கேட்டான். அவன் அந்தப் பக்கத்தில் பேர்போன ரவுடி. அவ்வளவுதான் சண்டை. சுற்றி அத்தனை ஜனம் இருந்தும், போலீஸ் வந்தபோது ஒருத்தர் கண்ணிலும் எதுவும் பட்டிருக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். நான் துடைப்பத்தோடு எழுந்தேன்.

"அட்ச்சாலும் பரவால்லம்மா. நா பாத்தேன். ஐஸ் கட்டிய இஸ்ப்பாங்களே கொக்கி, அத்தாலதான் குத்துனான். மொதல்ல பின்னால, தோளாண்ட. அப்பால நெஞ்சுல. கொக்கிய கடல்ல வீசிட்டுப் பூட்டான்."

தோளின் பின்பக்கத்தில் இருந்த அந்தச் சின்னக் காயத்தை, பெட்டியில் வைக்கும் முன் சட்டை மாற்றியபோது ஆஸ்பத்திரி டாக்டருக்குப் பிறகு நானும் அம்மாவும் மட்டுமே பார்த்திருந்தோம். வெளியே மூச்சு விடவில்லை.

"நெசமாவே பாத்துகீறாருடி" என்றாள் அம்மா.

"கோர்ட்ல வந்து சொல்லுவியா?" என்று அவரிடம் கேட்டேன்.

"சொல்றேம்மா. உங்கண்ணன் ஒரு தபாகூட என்னப் பாத்து மூஞ்சத் திருப்புனதில்ல."

வழக்கு வர வருஷங்கள் ஆயின. அதுவரை அம்மா கோயிலில் அவருக்காகவும் மெழுகுவத்தி ஏற்றினாள். ஆள்காட்டிக்கு மெழுகுவத்தி! நானும் துப்புவதை நிறுத்திக்கொண்டேன். அவர் வாயில்தான் அண்ணனுக்கான நியாயம் இருந்தது.

கூண்டில் ஏறி நன்றாகத்தான் ஆரம்பித்தார். வரிசை, வாக்குவாதம், அண்ணன் நின்ற இடம் எல்லாம் சரி. பிறகு அரசு வக்கீல் ஒரு கத்தியை எடுத்துக் காட்டினார். "இத்தாலதான் குத்துனான்" என்றார் இவர். ரயில்வே லைன் ஓரத்துப் புதரிலிருந்து அவனே அதை எடுத்துக் கொடுத்தானாம், இவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டாராம். கொக்கி என்ற பேச்சே வரவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் குரலையே உயர்த்தவில்லை. பழைய வழக்குகளின் நகல்களைக் கொண்டுவந்திருந்தார். ஒரே நாளில், ஒரே நேரத்தில் திருவொற்றியூரிலும் வண்ணாரப்பேட்டையிலும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே, எப்படி என்று கேட்டார். கோர்ட்டே சிரித்தது. வேறு வீட்டு வழக்கென்றால் நானும் சிரித்திருப்பேன். காயம் வளைந்த கூர்முனையால் ஆனது என்று டாக்டர் சொல்லியிருந்ததையும் அவர் நினைவூட்டினார். கத்தி அதோடு ஒட்டவில்லை.

வராண்டாவில் அவரை மடக்கினேன்.

"யோவ், எங்கிட்ட கொக்கின்னுதானே சொன்ன?"

"கொக்கி கடல்ல கீதும்மா. ஆயுதம் காட்டலன்னா கேஸ் நிக்காதுன்னு ஸ்டேஷன்ல ஐயா சொன்னாரு. எப்பவும் செய்றதுதான். உங்களுக்கு நல்லதுன்னுதான்..."

அவர் ஏமாற்றவில்லை என்பது முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. பொய்க்குச் செய்கிற அத்தனை சிங்காரத்தையும் நிஜத்துக்கும் செய்து கூட்டிவந்திருந்தார்கள்.

இப்படிப்பட்ட ஒருவருடைய சாட்சியத்தை மட்டும் நம்பி யாரையும் தண்டிக்க முடியாது என்று சொல்லி அவனை விடுதலை செய்தார்கள். நீதிபதியைத் திட்டித் தீர்க்க நினைத்தேன். முடியவில்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் வழக்கில் யாராவது இப்படி எழுதியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். அந்தத் தீர்ப்பில் ஒரு தப்பும் இல்லை. அவன் மட்டும் ஆட்டோ ஏறி வீட்டுக்குப் போனான்.

அவர் கோர்ட் மதில் ஓரமாகக் குந்தியிருந்தார். நான் பார்க்காததுபோல் நடந்தேன். அம்மா அவரிடம் போய் நின்றாள்.

"கடைசியா எதுனா சொன்னானாய்யா எம்புள்ள?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"எம்மான்னு கூப்ட்டான்க்கா. நல்லா காதுல வுயுந்துச்சி."

அண்ணன் வாய் திறப்பதற்குள் மூச்சு அடங்கிவிட்டது என்று கூண்டில் சத்தியம் செய்து சொன்னவர் இவர்தான். அம்மாவும் அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இப்போது அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அவர் சொன்னதை அப்படியே நம்பினாள். நான் அவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.