இடுக்கு போட்ட ஓட்டை

என் அக்கா வீட்டுக்காரருக்கு வேலை செய்யும் இடத்தில் வைத்திருக்கும் பெயர் இடுக்கு. குளிர்பதனக் கிடங்குகளுக்குக் கதவு மாட்டுவது அவர் தொழில். கதவை மாட்டியதும் உள்ளே போய்ச் சாத்திக்கொண்டு இருட்டில் நிற்பார். வெளியே ஒருவர் கதவோரமாக டார்ச் அடித்துக்கொண்டே வர வேண்டும். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் "நில்லு, இங்க இடுக்கு!" என்று உள்ளிருந்து கத்துவார். அங்கே ரப்பர் வைத்து அடைத்த பிறகுதான் சாப்பாடு. விருந்துக்குப் போன வீட்டிலும் கதவிடுக்கில் விரலை விட்டுப் பார்க்கிற மனிதர். மானத்தை வாங்குகிறாரே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

வீட்டில் அந்தப் பழக்கம் எல்லை மீறியதற்குக் காரணம் அக்கா. அவளுக்கு மூச்சுத் திணறல். கொஞ்சம் புழுதி பட்டால் போதும், நெஞ்சுக்குள் விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். அதனால் மாடியறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு திரைச்சீலை தைத்துக் கொடுப்பாள். வெளியூர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அத்தானுக்கு ராத்திரியில் கோழித் தூக்கம்தான். அவள் மூச்சு லேசாக மாறினாலே மருந்துக் குழலைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

குளிர்காலத்தில் அந்த வீட்டுக்கு மேலே பறவைக் கூட்டங்கள் போகும். ஒருநாள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, கண்ணாடி வழியாக அண்ணாந்து பார்த்தபடியே அக்கா கேட்டாள்.

"இதுங்கல்லாம் எங்கடா போய் இறங்குது?"

"மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரி இருக்குக்கா. விடியும்போது மொத்தமா எழும்பும் பாரு, வானமே தெரியாது" என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் சொன்னது சொன்னதுதான். அவள் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. அங்கே ரோடு கிடையாது, தங்க ஒரு குடிசை கூடக் கிடையாது. விடியும்போது அங்கே இருக்க வேண்டுமென்றால் ராத்திரி அங்கேயே படுத்தாக வேண்டும். வழியெல்லாம் கணுக்கால் முங்கும் புழுதி.

மறுநாள் காலையில் அத்தான் என் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார்.

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற எனக்கு அந்த ஜீப் கூடப் பிறந்த மாதிரி. அதை யாராவது தொட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "என்ன அத்தான் பண்றீங்க?" என்றேன். "பின்னாடி ஒரு வீட்டைக் கட்டி இழுக்கணும், தாங்குமான்னு பாக்கறேன்" என்றார். வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் வேலை ஆரம்பமானது. உடைசலுக்குப் போட்டிருந்த ஒரு பழைய இழுவை வண்டியின் சட்டத்தைக் கொண்டுவந்து துருவைச் சுரண்டினார். இரண்டு சக்கரத்தையும் இணைத்திருந்த இரும்பு அச்சை அறுத்து எறிந்தார். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றது சாயக் கூடாதாம், அதனால் ஒவ்வொன்றையும் பிடித்துக்கொள்ளத் தனித்தனி இரும்புக் கை, தனித்தனி ஸ்பிரிங். அதன் மேல் பிளைவுட்டை வளைத்து முன்னால் குண்டாகவும் பின்னால் சரிந்தும் ஒரு கூண்டு செய்தார். சொட்டப்போகிற நீர்த்துளி வடிவம் என்று அவர் சொன்னார். நான் அதைக் கவிழ்ந்த ஆமை என்றேன். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், உட்கார்ந்தால் தலை இடிக்காது, அவ்வளவுதான். பின்பக்க மூடியைத் தூக்கினால் அடுப்பும் தண்ணீர்க் குழாயும் இருக்கும். சுவருக்குள் கிடங்கு வேலையில் மிஞ்சிய, தெர்மோகோல் மாதிரியான நுரைப்பலகை, வெளியே அலுமினியத் தகடு.

கேலி செய்துகொண்டே இருந்த நான் ஒருநாள் குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். இழுவை வண்டியில் என் ஜீப்பின் டயரே இருந்தது. அதே அளவு, அதே நட்டு. "நடுக்காட்டுல எது பஞ்சர் ஆனாலும் ஒரே ஸ்டெப்னி போதும்ல?" என்றார். ஜீப்போடு சேர்க்கும் கொக்கியையும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுழலும்படி செய்திருந்தார். பின்னால் வருவது பள்ளத்தில் குப்புறக் கவிழ்ந்தாலும் முன்னால் போகும் ஜீப் நேராக நிற்கும். ஒரு மனிதர் தன் வீட்டைக் கட்டும்போதே என் ஜீப்பையும் மனதில் வைத்திருந்தார். அன்றிலிருந்து நான் ஆமை என்று சொல்வதை விட்டேன்.

அப்புறம் சோதனை. அக்காவின் வெள்ளைத் துணியைப் படுக்கையில் விரித்து, கதவைச் சாத்தி, மண் பாதையில் இழுத்துக்கொண்டு போனோம். திரும்பி வந்து திறந்தால் துணி செங்கல் நிறத்தில் இருந்தது. அத்தான் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ள, நான் டார்ச்சோடு சுற்றி வந்தேன். "நில்லு! இங்க!" ரப்பர் மேல் ரப்பர், பசை மேல் பசை. மறுபடி போனோம், மறுபடி அழுக்கு. அவரும் விடுவதாக இல்லை. கடைசியில் ஒருநாள் துணி வெளுப்பாகவே வந்தது. அத்தான் அதைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

அன்று மத்தியானம் அக்காவைக் கூட்டிவந்து உள்ளே படுக்க வைத்தார். கதவைச் சாத்திவிட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "பேசச் சொன்னேன் அவளை. ஒரு சத்தமாவது வெளிய வருதா பாரு!" என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் தலையாட்டினேன். டீயைக் குடித்துக்கொண்டே எதேச்சையாக வண்டியின் வட்ட ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தேன். உள்ளே பனி படர்ந்த மாதிரி வெளுத்திருந்தது. அதில் ஒரு கை பதிந்து, கீழ் நோக்கி வழுக்கியிருந்தது.

டீயைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். கதவை இழுத்தால் ரப்பர் உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தது. இரண்டு பேரும் காலைச் சுவரில் ஊன்றி இழுத்துத் திறந்தோம். பசை நெடி குப்பென்று முகத்தில் அடித்தது. வெளியேற ஒரு துளி வழி இல்லாமல் அத்தனையும் அவள் நெஞ்சுக்குள்தான் போயிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் தட்டியிருக்கிறாள், கூப்பிட்டிருக்கிறாள். அத்தான் கட்டிய சுவர் ஒன்றையும் வெளியே விடவில்லை.

மருந்து இழுத்து, மூச்சு சீராகி, அவள் படியில் சாய்ந்து உட்கார்ந்ததும் அத்தான் ஸ்பேனரை எடுத்தார். பேயறைந்த முகம். கதவின் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் அக்கா.

"பிரிச்சுப் போடறேன்."

"ஓட்டை போடுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில என்னை அந்தத் தனி ரூம்ல வெச்சிருந்தாங்களே, ஞாபகம் இருக்கா? கதவைத் திறக்கும்போதெல்லாம் காத்து உள்ளேர்ந்து வெளியதான் வீசும். தூசி வரக் கூடாதுன்னு சுத்தமான காத்தை உள்ள தள்ளிக்கிட்டே இருப்பாங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. நீங்க எல்லாத்தையும் அடைக்கிறீங்க. உள்ளேர்ந்து காத்து தள்ளிக்கிட்டே இருந்தா புழுதி எப்படிங்க உள்ள வரும்?"

மூச்சு வாங்கி வாங்கித்தான் சொன்னாள். புழுதியைத் தடுக்க ஓட்டை! எனக்குப் புல்லரித்தது. அத்தான் ஸ்பேனரைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

பசை நெடி போகும் வரை வண்டியை வெயிலில் திறந்தே போட்டோம். பிறகு கூரையின் முன்பக்கத்தில் பென்சிலால் ஒரு சதுரம் வரைந்து, டிரில்லை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். வாழ்நாளெல்லாம் அடைத்த கை அது. அக்கா கீழிருந்து, "போடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். போட்டார். அதில் காற்று புக ஒரு வாய், வாய்க்குள் கனமான வடிகட்டி. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே உள்ளே தள்ளும், நின்றால் சின்ன மின்விசிறி தள்ளும். பின்னால் தாழ்வாக, அந்தக் காற்று வெளியேற இன்னொரு ஓட்டை. அதற்காக அருமையாக ஒட்டிய ரப்பரில் ஒரு துண்டை அறுக்க வேண்டியிருந்தது. அப்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார், நான் பார்த்தேன். அந்த ஓட்டையில் அக்கா ஒரு திரைச்சீலை நாடாவைக் கட்டினாள். விசிறியைப் போட்டதும் நாடா வெளிப்பக்கமாகப் பறந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்தக் குளிர்காலத்தில் ஏரிக்குப் போனோம். ஜீப்பில் ஜன்னலை ஏற்றிவிட்டு அக்கா மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னால் வண்டியே தெரியாத அளவுக்குப் புழுதி. சாயங்காலம் ஏரிக்கரையில் நிறுத்தி, புழுதி அடங்கக் காத்திருந்து, திறந்து பார்த்தோம். படுக்கையில் விரித்திருந்த துணி வெள்ளையாகவே இருந்தது. இருவரும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்கள். நான் ஜீப்பில் படுத்தேன்.

விடியும் நேரம் எழுந்து போனபோது வண்டியின் கதவு திறந்திருந்தது. அக்கா போர்வையைச் சுற்றிக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பனி ஈரத்தில் தரையில் ஒரு தூசி கிளம்பவில்லை. அப்போதுதான் ஏரி எழும்பியது. ஒரு கரையிலிருந்து மறு கரை வரைக்கும் தண்ணீரையே சுருட்டி எடுத்தது போல அத்தனை பறவைகளும் ஒன்றாக எழும்பின. சிறகுச் சத்தத்தில் ஜீப்பின் கண்ணாடி அதிர்ந்தது. அக்கா அண்ணாந்து பார்த்து வாயைத் திறந்து, ஆழமாக, முழுசாக மூச்சு இழுத்தாள். விசில் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அத்தான் இதைப் பார்க்க வேண்டாமா என்று உள்ளே எட்டிப் பார்த்தேன். குப்புறப் படுத்து, வாயைப் பிளந்துகொண்டு, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மருந்துக் குழல் அவர் கைக்கு எட்டாத மூலையில் உருண்டு கிடந்தது. வெளியே வானம் இடிந்து விழுகிற சத்தம். அவரோ அசையவே இல்லை.

"எழுப்பட்டுமா?" என்றேன்.

அக்கா உதட்டில் விரலை வைத்தாள்.

"சும்மா இருடா. கல்யாணம் ஆனதுலேர்ந்து இன்னிக்குத்தான் அவர் தூங்கறார்."