மஞ்சுளா சுவரில் ஏறிய ஆறு தோல்விகள்

கால்பந்து மேனேஜர்களின் கணக்கு எழுதுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம். அத்தனை பேரையும் கம்ப்யூட்டரோடு ஒரு கன்டெய்னரில் ஏற்றி ஒரகடம் மேம்பாலத்தின் மேல் கொண்டுவந்து நிறுத்தினாலும், மஞ்சுளாவின் இடது கையைக் கண்டால் எல்லோரும் எழுந்து நின்று கும்பிட வேண்டும். வெளிநாட்டில் ஒரு மேனேஜர் தோற்றால் வேலை போகும். வல்லம் வடகாலில் தோற்றால் பல் போகும். பல் போகிற இடத்தில் உட்கார்ந்து எழுதுவதுதான் கணக்கு. மற்றதெல்லாம் பொழுதுபோக்கு.

இடது கை என்பதற்குக் காரணம் உண்டு. வலது கையில் இரண்டு விரல் கிடையாது. சேரப்பணஞ்சேரியிலிருந்து பிரஸ் ஷாப் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, மெஷின் ஒரு நாள் தகட்டோடு சேர்த்து அவற்றையும் நறுக்கிவிட்டது. கம்பெனி கொடுத்ததை வைத்து மைதானத்துக்கு எதிரே பஞ்சர் கடை போட்டாள். மூன்று விரலால் லாரி டயரைக் கழற்றுகிறவளைப் பார்க்கவே சில டிரைவர்கள் ஆணி குத்தாத டயரோடு வந்தார்கள் என்று ஒரு பேச்சு. அவர்களும் அடி வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

கணக்கு எழுத வந்ததும் ஓர் அடியில்தான். தம்பி சிவசங்கர் ஒரு டீமுக்கு மேனேஜராக இருந்தான். ஜெயித்ததும் தோற்றதும் சரிக்குச் சரி. ஆனால் ஒரு தோல்விக்குப் பிறகு, இவன் வந்ததிலிருந்து ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை என்று எவனோ கூவினான். கூட்டம் அதை அப்படியே நம்பி, பீர் பாட்டிலை அவன் மண்டையில் உடைத்தது. தையல் போட்டு வந்த மறுநாளே மஞ்சுளா கடையின் பக்கச் சுவருக்கு வெள்ளையடித்து, எல்லா டீம் மேனேஜர்களின் பெயரையும் கறுப்பு பெயின்டில் எழுதினாள். பெயருக்கு நேரே ஆட்டம், வெற்றி, டிரா, தோல்வி. அடிக்கிறவன் படித்துவிட்டு அடிக்கட்டும் என்றாள். அப்புறமும் அடித்தார்கள். ஆனால் படித்துவிட்டு அடித்தார்கள்.

அந்த மைதானத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மேனேஜர் தலையில் மஞ்சள் ஹெல்மெட் இருக்கும். கம்பெனியில் கிரேனுக்கு அடியில் நிற்கிறவர்கள் போடுகிற அதே ஹெல்மெட். அங்கே மேலிருந்து இரும்பு விழும், இங்கே பக்கத்திலிருந்து கல் வரும், அதுதான் வித்தியாசம். எல்லோரும் ஷிப்ட் வேலைக்காரர்கள். ஆட்டத்துக்கு நடுவில் கம்பெனி பஸ் வந்துவிட்டால், மேனேஜர் ஹெல்மெட்டைக் கழற்றித் தன் உதவியாளன் தலையில் வைத்துவிட்டு ஓடுவார். தோல்வி அப்போது யாருடையது? இதற்காகவே இரண்டு கையும் ஒரு தாடையும் உடைந்த பிறகு மஞ்சுளா ஒரு சட்டம் போட்டாள்: கடைசி விசில் ஊதும்போது ஹெல்மெட் யார் தலையில் இருக்கிறதோ, முடிவு அவன் கணக்கில்.

அந்தச் சட்டத்தில் ஒரு பஸ் போகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. மஞ்சுளா அதைப் பார்க்கவில்லை. வனமாமலை பார்த்தான்.

வனமாமலை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, கான்ட்ராக்ட் ஆட்களுக்கு சூப்பர்வைசராக இருந்தவன். கை நீளம், வாய் அதைவிட நீளம். சுவரில் அவன் கணக்கைப் பார்த்தால் கண் கூசும். ஆட்டம் பத்தொன்பது, வெற்றி பதினான்கு, டிரா ஐந்து, தோல்வி பூஜ்யம். அவனுக்குக் கீழே அவன் உதவியாளன் பிரசன்னாவின் பெயர். ஆட்டம் ஐந்து, தோல்வி ஐந்து. பிரசன்னா நல்ல பையன், ஆட்டம் தெரிந்தவன், ஆனால் ராசியில்லாதவன் என்று சுவரைப் படித்த எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்கள் சும்மாவும் விடவில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் அவன் உடம்பில் ஒரு ரசீது இருந்தது. சுற்றுவட்டார டீம்களையெல்லாம் சேர்த்து ஒரே டீமாக மாவட்டப் போட்டிக்கு அனுப்பப் போவதாகவும், சுவரில் யார் கணக்கு நன்றாக இருக்கிறதோ அவனே அதற்கு மேனேஜர் என்றும் அப்போது முடிவாகியிருந்தது. வனமாமலை புதுச் சட்டைக்கு அளவுகூடக் கொடுத்துவிட்டான்.

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. பாதி ஆட்டத்தில் வனமாமலையின் டீம் மூன்று கோல் பின்னால் நின்றது. வழக்கம்போல அவன் கையைத் தூக்கி, செகண்ட் ஷிப்ட் பஸ் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி, ஹெல்மெட்டைப் பிரசன்னா தலையில் கவிழ்த்துவிட்டுப் போனான்.

மஞ்சுளா அதை எதிரே உட்கார்ந்து கேட்டாள். அவன் சொன்ன அந்த பஸ் அவள் கடை வாசலில் ஜாக்கி மேல் நின்றது. அதன் பின்சக்கரம் அவள் மடியில் இருந்தது.

சக்கரத்தைக் கீழே வைத்துவிட்டு, டீ குடித்துக்கொண்டிருந்த பஸ் டிரைவர் கண்ணப்பனிடம் கேட்டாள்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம செகண்ட் ஷிப்டுக்கு வண்டி எடுக்கறியா நீ?"

"கம்பெனியில லைனே ஓடலயேம்மா. ஆர்டர் இல்லன்னு பொங்கல்லேந்து ஞாயித்துக்கெழமைல நிறுத்திட்டானுங்க. வண்டி சும்மாதான கீது, அதான் டயரு பார்க்க இட்டாந்தேன்."

பிரசன்னாவின் ஐந்து தோல்வியும் பொங்கலுக்குப் பிறகு வந்தவை. ஐந்தும் ஞாயிற்றுக்கிழமை. மஞ்சுளா சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஐந்தையும் அவள் கைதான் எழுதியது. தம்பிக்கு எவனோ வாயால் செய்ததை, இந்தப் பையனுக்கு இவள் பெயின்டால் செய்திருக்கிறாள்.

யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. விசில் ஊதியது. நாலுக்குப் பூஜ்யம். கூட்டம் கயிற்றைத் தாண்டிப் பிரசன்னா மேல் விழுந்தது. ஹெல்மெட்டைப் பிடுங்கி அதாலேயே முகத்தில் அடித்தார்கள். கார்னர் கொடிக் கம்பு முதுகில் முறிந்தது. கீழே விழுந்தவனின் வாயில் எவனோ ஒருவன் சேஃப்டி ஷூவோடு உதைத்தான். இரும்பு முனை வைத்த ஷூ. பல்லும் ரத்தமும் சேர்ந்து மண்ணில் தெறித்தன. மஞ்சுளா டயர் கழற்றுகிற இரும்பு லிவரை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள். முதல் வீச்சில் ஒருவன் முழங்கை, அடுத்ததில் இன்னொருவன் கணுக்கால். வழி கிடைத்தது. பிரசன்னாவைக் காலரைப் பிடித்து இழுத்து வந்து பஸ்ஸில் போட்டாள். கண்ணப்பன் வாழ்நாளில் அவ்வளவு வேகமாகச் சக்கரம் மாட்டியதில்லை.

பொழுது சாயும் முன்னே அவள் சுவரை மாற்றினாள். பிரசன்னாவின் ஐந்தை வெள்ளையடித்துப் பூஜ்யமாக்கினாள். வனமாமலைக்கு நேரே எழுதினாள்: ஆட்டம் இருபத்தைந்து, தோல்வி ஆறு. அடியில், தப்பு எழுதியது மஞ்சுளா என்றும் எழுதிவிட்டு, பழைய சட்டத்தை அடித்துப் புதிதாக ஒன்று போட்டாள். பொய் சொல்லி ஓடினவன் கணக்கில்தான் தோல்வி.

இதற்கு என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். சிவசங்கர் போன் செய்து, கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடு என்று கெஞ்சினான். அவள் அடுத்த நாளும் கடையைத் திறந்தாள்.

சாயங்காலம் வனமாமலை நான்கு பேரோடு வந்தான். ஒருவன் கையில் கடப்பாரை. சுவரையே இடித்துவிடலாம் என்று அவன் சொன்னதற்கு வனமாமலை ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு அந்தச் சுவர் வேண்டும். பூஜ்யத்தோடு வேண்டும். எழுதியவள் கையாலேயே வேண்டும்.

முதலில் அவள் கையிலிருந்த இரும்பு லிவரைப் பிடுங்கினார்கள். பிடுங்குவதற்குள் ஒருவன் மூக்கு உடைந்தது. பிறகு அவளை முடியைப் பிடித்துத் தள்ளி, பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியில் நெற்றியை மோதினார்கள். தண்ணீர் சிவந்தது. அவள் எழுந்தபோது வயிற்றில் முட்டி ஒன்று இறங்கியது. மண்ணில் குப்புற விழுந்தவளின் இடது கை மேல் வனமாமலை ஷூவை வைத்தான்.

"ஏ மஞ்சுளா, ஒனக்கு இது ஒரு கைதான் மிச்சம். பூஜ்யம் போடுதியா, இதையும் நசுக்கட்டுமா?"

அவள் மண்ணைத் துப்பினாள்.

"எத்தினி தபா கேட்டாலும் ஆறு தான்டா. நசுக்குனேன்னு வெச்சுக்க, காலால எழுதுவேன். அது இன்னும் பெருசா தெரியும்."

அவன் ஷூவை அழுத்தினான். எலும்பு முறிகிற சத்தம் எதிர் டீக்கடை வரைக்கும் கேட்டது. அங்கிருந்த லாரி டிரைவர்கள் எழுந்து நின்றார்கள். எழுந்தார்களே தவிர ஒருவரும் வரவில்லை. கடப்பாரைக்காரன் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வனமாமலை மறுபடியும் காலைத் தூக்கினான்.

அந்த நேரம் பார்த்துக் கடைக்குள் கிடந்த பழைய லாரி டியூப் ஒன்று தானாகவே வெடித்தது. வெயில் காலம், டியூப்புகளுக்கு அந்தக் குணம் உண்டு. தகரக் கூரை அதிர்ந்தது. போலீஸ் சுட்டுவிட்டது என்று ஒருவன் படுத்தான், சிலிண்டர் என்று ஒருவன் ஓடினான். ஆனால் எல்லோருக்கும் முன்னால் ஓடியவன் வனமாமலை. தன் ஆட்களைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் ஓடுவதைக் கண்ட பிறகுதான் டிரைவர்களுக்கு வீரம் வந்தது. ஜாக்கி ராடோடு இறங்கி, மிச்சமிருந்த மூன்று பேரையும் துவைத்து எடுத்தார்கள். கடப்பாரைக்காரன் தன் கடப்பாரையாலேயே அடி வாங்கினான்.

மாவட்ட டீம் வனமாமலைக்குக் கிடைக்கவில்லை. அவன் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயில் ஏறியதாகச் சொன்னார்கள். தாடையில் கட்டோடு வந்த பிரசன்னா, தன் பெயருக்கு நேரே இருந்த பூஜ்யத்தை ரொம்ப நேரம் விரலால் தடவிப் பார்த்தான். ஒன்றுமே செய்யாதவன் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஒருவன் அவ்வளவு சந்தோஷப்பட்டதை யாரும் கண்டதில்லை. இப்போது அவனிடம் ஒரு சின்ன டீம் இருக்கிறது. மஞ்சுளா கையில் மாவுக்கட்டு. மூன்று விரல் உள்ள வலது கையால் எழுதுகிறாள். எழுத்து கோணல், எண் கோணல் இல்லை.

அவள் கடையில் காற்றடிக்கிற பையன்தான் இதை எழுதியவன். கடை வாசலில் உட்கார்ந்து முழுவதையும் அவளுக்குப் படித்துக் காட்டினான். மேம்பாலம் வந்த இடத்தில் சிரித்தாள். தம்பி மண்டை உடைந்த இடத்தில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். படித்து முடித்ததும், டியூப் வெடித்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். அவன் படித்தான். வேகமாகவே படித்தான்.

"அந்த டியூப்புல வால்வு பின்னு கெடையாதுடா. நான்தான் முந்தின நாளே புடுங்கி என் டப்பாவுல வெச்சிருந்தேன். இப்ப டப்பாவுலயும் காணோம். பின்னு மாட்டாம காத்தே நிக்காத டியூப்பு, எங்கேந்துடா தானா வெடிச்சுது?"

அவன் காகிதத்தை மடித்தான். மஞ்சுளா நல்ல கையை நீட்டினாள்.

"பின்னக் குடு."