வாடிய நாற்றுகளைக் குப்பையில் போட்டவர்

இன்று ஒரு பெரிய அதிகாரி எங்கள் லேபைப் பார்க்க வந்தார். அவர் வருவதற்குள் எங்கள் மேனேஜர், டெல்லி கரோல் பாக்கில் வளர்ந்த தமிழர், என் வாடிய நாற்றுகளையெல்லாம் குப்பையில் கொட்டிவிட்டார்.

"செத்துப்போச்சு மேடம். பாக்க அச்சா இல்ல."

"சாகல சார். நிறைய சர்க்கரை குடுத்திருந்தேன். போதும்னு அதுவே வளர்றத நிறுத்தியிருக்கு."

நாற்றின் செல்லுக்குள் சர்க்கரையை உணரும் ஒரு புரதம்தான் அந்தப் 'போதும்' என்பதைச் சொல்கிறது. பக்கத்தில் அதே சர்க்கரையில் பச்சைப்பசேலென்று நின்ற மற்ற நாற்றுகளில் அந்தப் புரதமே கிடையாது. எவ்வளவு கொடுத்தாலும் அவற்றுக்கு உறைக்காது.

அதிகாரி அவற்றோடுதான் செல்ஃபி எடுத்துக்கொண்டார். ஒப்பிட வைத்திருந்த பாதி நாற்றுகள் இல்லாமல் என் ஆய்வே வீண்.

டெல்லியில் பெரிய மனிதர் வந்தால் குடிசைகளைப் பச்சைத் துணி கட்டி மறைப்பார்கள். என் நாற்றுகளுக்கு அந்தத் துணிகூட இல்லை.

உங்கள் ஆபீஸில் யாரை மறைத்தார்கள்?