மாலை போட்ட பிறகும் ஒப்பந்தத்தில்

நான் செத்த பிறகும் பதினோரு மாதம் என்னை வேறு எங்கும் வேலை செய்ய விடவில்லை. தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் மூத்த மருமகளாக நடித்தவள் நான். பூந்தமல்லி சாலையில் ஒரு லாரி அந்த மருமகளை அடித்தது. கூடத்துச் சுவரில் என் புகைப்படத்தை மாட்டிச் சந்தன மாலை போட்டார்கள். ஒப்பந்தத்தில் மட்டும் நான் உயிரோடு இருந்தேன்.

அந்த ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட்ட அழகைச் சொல்ல வேண்டும். திருமழிசையில் தொழிற்பேட்டையை ஒட்டி வாடகைக்கு எடுத்த பங்களாவில்தான் படப்பிடிப்பு. முதல் நாள், ஒரு கண்ணுக்கு மை தீட்டி மறு கண்ணுக்கு வருவதற்குள் மேனேஜர் தாள்களை நீட்டினார். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் கையெழுத்துப் போடுகிறோம், மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்தபடி. படித்துப் பார்க்கிறேன் என்றால், ‘இந்தம்மாவுக்குத் தலைக்கனம்’ என்று மதியச் சாப்பாட்டுக்குள் யூனிட் முழுக்கப் பரவிவிடும். குக்கர் வாங்கினால்கூட உத்தரவாத அட்டையை வரி விடாமல் படிக்கிற பட்டதாரி நான், பல்லைக் காட்டிக்கொண்டே ஆறு இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஆறாவது கையெழுத்துக்கு மேலே இருந்தது அந்த வரி. ஓராண்டு முடிந்ததும், கம்பெனி விரும்பினால் இன்னோர் ஆண்டுக்கு என்னை வைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டும் முடியும்வரை வேறு சேனலில் நான் முகம் காட்டக் கூடாது. சம்பளம் மட்டும் நடிக்கிற நாளுக்குத்தான். இதற்கு ஆப்ஷன் என்று பெயர். நான் விரும்பினால் என்ன ஆகும் என்று எழுத அவர்களுக்கு மை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

முதல் ஆண்டு முடிந்தது. ஆப்ஷனை எடுத்துக்கொண்டோம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி, கூடவே கூப்பிய இரண்டு கைகள். என்னை விட மனமில்லையாம்! நானும் அதை வீட்டில் பெருமையாகக் காட்டினேன்.

அடுத்த வாரமே வேறொரு சேனலிலிருந்து அழைத்தார்கள். கதாநாயகி வேடம். அப்பா விட்டுப்போன லேத் பட்டறையைத் தானே எடுத்து நடத்தும் பெண். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவரின் மகள் நான். அப்பாவின் சட்டையை உதறி, இரும்புச் சுருள்களைத் தட்டிவிட்டுத்தான் அம்மா துவைக்கப் போடுவாள். தொடரில் பட்டுப்புடவையோடு அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தவளுக்கு, வாழ்க்கையில் முதல்முறையாகத் தனக்குத் தெரிந்ததை நடிக்க ஒரு வாய்ப்பு. அதற்கு முன்னும் பின்னும் எந்த வேடத்துக்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

மேனேஜரிடம் போய், என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்டேன்.

“இன்னாமா நீ, இப்பப் போய் இப்டிக் கேக்கற? கதையே உன்ன வச்சுத்தான் போய்க்கினு கீது. டைரக்டரு உனக்குப் பெரிய டிராக் ஒண்ணு யோசிச்சிக்கினு கீறாரு. அவசரப்படாத.”

பெரிய டிராக் பதினைந்தே நாளில் வந்தது. அதுதான் அந்த லாரி.

நெற்றியில் பூசிய சிவப்புச் சாயத்தைத் துடைத்துக்கொண்டே, “அப்போ நான் போகலாமா சார்?” என்று கேட்டேன்.

“ஊட்டுக்குப் போம்மா. வேற சேனலுக்குத்தான் போவக் கூடாது. ஆப்ஷன் கீதுல்ல? ஃபிளாஷ்பேக் வரும். பேயா வருவ. ரேட்டிங் உழுந்தா உன்ன மாதிரியே ஒரு தங்கச்சிய எறக்குவோம்.”

தானும் கட்டாத புடவையைத் தங்கைக்கும் கொடுக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டுவார்களே சிலர், அந்தக் கதைதான். இதில் பெருந்தன்மை வேறு. எனக்குக் கதவு திறந்தே இருக்கிறதாம்.

என் புகைப்படம் மட்டும் தவறாமல் வேலைக்குப் போனது. மாமியார் அதன் முன்னால் அழுதார், இளைய மருமகள் அதன் மேல் சத்தியம் செய்தாள். நான் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். எங்கள் அடுக்ககத்து ஐடி தம்பதிகள் லிஃப்டில் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் அனுதாபப்பட்டார்கள். காய்கறிக்காரம்மாதான் நேராகக் கேட்டார்.

“இன்னாம்மா, நீதான் செத்துப் பூட்டியே, உனக்கு இன்னாத்துக்கு முருங்கக்கா?”

அங்கே சிரித்துவிட்டு வந்தேன். வீட்டில் அந்த முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டே அழுதேன்.

லேத் தொடர் வேறொரு பெண்ணோடு தொடங்கியது. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன், பார்த்தேன். கை நிறைய வளையல், தோளில் பறக்கும் துப்பட்டா. அந்தக் கோலத்தில் ஓடுகிற லேத்தின் மேல் குனிந்தாள் புண்ணியவதி. என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா தட்டைத் தள்ளிவிட்டு, “மொதல்ல மிஷின நிறுத்தச் சொல்லு! கைய இழுத்துக்கினு பூடும்!” என்று பதறினார். கேமராவைச் சுற்றி நின்ற அத்தனை பேரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

ஆப்ஷன் முடிகிற நாளும் வந்தது. ஃபிளாஷ்பேக் வரவில்லை, பேய் வரவில்லை, தங்கச்சியும் வரவில்லை. அந்தப் பதினோரு மாதத்தில் ஒரு நாள்கூட நான் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. வேறு யாருக்கும் நான் கிடைக்கக் கூடாது என்பதுதான் தேவை. மறுநாள் காலை, அன்று என்னை அழைத்த சேனலுக்கு நானே ஃபோன் செய்தேன். எடுத்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார்.

“லேத் சீரியல்லயே ஒரு கேரக்டர் இருக்கு மேடம். ஹீரோயினோட அம்மா. ரெண்டு மாசமா ஆள் தேடிட்டு இருக்கோம். நீங்க ரொம்ப நாளா ஃபீல்டுல இல்லல்ல, அதனால ஆடியன்ஸ் ஏத்துப்பாங்க.”

எனக்கும் அந்தக் கதாநாயகிக்கும் நான்கு வயதுதான் வித்தியாசம். ஆனாலும் போனேன். மேக்கப் நாற்காலியில் உட்கார வைத்து, காதோரம் நரை தீட்டிக்கொண்டிருந்தபோதே தாள்கள் வந்தன. இந்த முறை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். யூனிட் முணுமுணுத்தது. முணுமுணுக்கட்டும் என்று படித்தேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது, கம்பெனி விரும்பினால் இன்னும் இரண்டு ஆண்டுகள் என்று.

பக்கத்து அறையில் கதாநாயகியின் ஷாட்டுக்காக லேத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரி வரைக்கும் படித்து, எல்லாம் புரிந்துகொண்டு, கையெழுத்துப் போட்டேன்.